சொல்லிக்கொள்ளாமல் போவது

எங்கள் பக்கத்தில் யாரும் "போறன்" என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டு இறங்குவதில்லை. சந்தைக்குப் போனாலும் சவூதிக்குப் போனாலும் "போயிட்டு வாறன்" என்பதுதான் வழக்கம். தவறி யாராவது "போறன்" என்றால் அடுப்படியிலிருந்து ஒரு குரல் "வாறன் எண்டு சொல்லு" என்று திருத்தும். அயலூர்த் தமிழ்ச் சிநேகிதர்களின் செத்த வீடுகளுக்குப் போனால் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் எழும்பி வந்துவிட வேண்டும் என்று சின்ன வயதிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அங்கே "வாறன்" என்ற சொல்லுக்கு இடமில்லை. சொல்லிக்கொள்ளாமல் போவது மரணத்துக்கு உரிய மரியாதை.

இருபது வருடங்களுக்கு மேலாகக் கிராமத்துப் பாடசாலையொன்றில் ஆசிரியனாக இருக்கிறேன். பிள்ளைகளை விடுதியில் சேர்க்கப் போன பெற்றோரோடு துணைக்குப் போன நாட்கள் பல. படிவம் நிரப்ப, அதிபரோடு சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேச, கையொப்பமிட ஒரு படித்த ஆள் தேவை என்று என்னைக் கூட்டிப் போவார்கள். அப்படிப் போன இடங்களில் நான் கண்டது, பெரும்பாலான பெற்றோர் பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளாமலேயே திரும்பி வருகிறார்கள் என்பது. கெட்டவர்கள் அல்ல. பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். இருந்தும், பிள்ளையை ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லி அப்புறப்படுத்திவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நழுவுவதைப் போல நழுவுகிறார்கள். இது சரியா என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி. பிள்ளையை விடுதிக்கு அனுப்புவது சரியா என்பது வேறு கேள்வி, அதைவிடப் பெரியது. அதையும் தொடாமல் இருக்க முடியாதுதான்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நியாயமில்லை.

1990 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றுக்குப் பிறகு எங்கள் ஊர்களில் உறக்கம் என்பது போய்விட்டது. ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவர்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தவித்தார்கள். என் வாப்பா இரண்டு ஏக்கர் வயல்காரர். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். 1992 ஜனவரியில், நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த நேரம், மலைநாட்டில் விடுதியுள்ள ஒரு பாடசாலையில் எனக்கு இடம் கிடைத்தது. பாடசாலையின் பெயர் வேண்டாம். கல்முனையிலிருந்து கண்டி பஸ்ஸில் ஏறி, அம்பாறை, மகியங்கனை என்று போய், பதினெட்டு வளைவு ஏறும்போது நான் இரண்டு தடவை சத்தி எடுத்தேன். வாப்பா தனது சால்வையால் என் வாயைத் துடைத்தார். அந்தச் சால்வையின் வியர்வை மணம் இன்றைக்கும் நினைவிருக்கிறது.

விடுதி வராந்தாவில் ஒரு நீண்ட வாங்கு. அதில் எனது தகரப் பெட்டியும், பாயும், ஒரு நீல நிற வாளியும். வாளிக்குள் சவர்க்காரம், பற்பசை, உம்மா கட்டித் தந்த தேங்காய்ச் சம்பல் போத்தல். வாப்பா பொறுப்பாசிரியரோடு எதையோ மெல்லப் பேசிவிட்டு வந்து என் தலையைத் தடவினார்.

"பைப் எங்கெண்டு அந்தப் பெரிய பிள்ளையோட போய்ப் பாத்துக்கிட்டு வா மன. நான் இஞ்சதான் இரிப்பன்."

நான் போய்ப் பார்த்தேன். பைப்பைத் திறந்தும் பார்த்தேன், தண்ணீர் ஐஸைப் போல இருந்தது. அதை வாப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன். வாங்கில் பெட்டி இருந்தது, பாய் இருந்தது, வாளி இருந்தது. வாப்பா இல்லை. சிறுநீர் கழிக்கப் போயிருப்பார் என்று நினைத்து வாங்கில் உட்கார்ந்துகொண்டேன். மஃரிபுக்கு மணி அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். எவரும் வந்து வாப்பா போய்விட்டார் என்று சொல்லவில்லை. அது எனக்குத் தானாக விளங்கியது.

அந்த விடுதியில் ஆறு வருடங்கள் இருந்தேன். நல்ல பாடசாலை. நல்ல ஆசிரியர்கள். சிங்களம் அங்கேதான் படித்தேன், வாசிப்பும் அங்கேதான் வந்தது. அங்கே போயிராவிட்டால் இன்று இந்தச் சஞ்சிகையில் எழுதும் ஒருவனாக இருந்திருக்க மாட்டேன். உயிரோடு இருந்திருப்பேனா என்பதும் தெரியாது. வாப்பா என்னை அனுப்பியது சரி. இதை எழுதும்போது என் பேனா தயங்கவில்லை. ஆனாலும் விடுமுறையில் வீட்டுக்கு வந்தால், வாப்பா பள்ளிக்குப் புறப்பட்டாலும் எங்கே போறீங்க, எப்ப வருவீங்க என்று கேட்பேன். அவர் சொன்ன பதிலை நம்பமாட்டேன். படலைவரை பின்னால் போவேன். இது பதினாறு வயதுவரை நீடித்தது.

இனி இன்னொரு பையனின் கதை. இதில் வாங்கின் மறுபக்கத்தில் நான் நின்றேன்.

2011 இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் படித்த ஒரு பையன் புலமைப்பரிசில் பரீட்சையில் எங்கள் பாடசாலை அதுவரை காணாத புள்ளிகளைப் பெற்றான். வருடந்தோறும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் பரீட்சை அது. பத்து வயதுப் பிள்ளைகளை இப்படி ஓட விடலாமா என்று கூட்டங்களில் பேசுகிறோம், பிறகு வகுப்புக்குப் போய்க் கடந்தகால வினாத்தாள்களைக் கட்டுக்கட்டாகக் கொடுக்கிறோம். அந்தப் பரீட்சைக்கு ஒரு நல்ல பிறப்பு இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1940 களில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, நகரத்துப் பணக்காரப் பாடசாலைகளின் தரத்தைக் கிராமத்துக்குக் கொண்டுவர மத்திய கல்லூரிகளை உண்டாக்கினார். ஏழைக் கிராமத்துப் பிள்ளை சோற்றுக்கும் படுக்கைக்கும் கவலையின்றிப் படிக்க அங்கே விடுதிகள் இருந்தன. புலமைப்பரிசில் அந்த விடுதிக்கான வாசல். விவசாயிகளின் பிள்ளைகள் வைத்தியர்களானதும் பொறியியலாளர்களானதும் அந்த வாசல் வழியாகத்தான். எனவே எங்கள் நாட்டில் விடுதி என்பது பிரித்தானியப் பிரபுக்கள் தம் பிள்ளைகளை அனுப்பும் விடுதியைப் போன்றதல்ல. இங்கே அது ஏழையின் ஏணி. இதை மறந்துவிட்டு விடுதிகளைத் திட்டுவது எளிது.

அந்தப் பையனின் வாப்பா அவன் கைக்குழந்தையாக இருக்கும்போதே வேறு குடும்பம் தேடிப் போனவர். உம்மா 2008 இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனவர். வளர்த்தது உம்மம்மா. இடியப்பம் அவித்து விற்கும் மூதாட்டி. கூலி வேலைக்குப் போகும் மாமன்மார் அவனைக் கடையொன்றில் சேர்த்துவிடும் யோசனையில் இருந்தார்கள். நான்தான் விடவில்லை. நான்கு தடவை வீடு தேடிப் போய்ப் பேசினேன். பிள்ளையின் எதிர்காலம் என்ற சொல்லை எத்தனை தடவை பயன்படுத்தினேனோ தெரியாது. கடைசியில் உம்மம்மா "நீங்க சொன்னா சரி சேர்" என்றார்.

2012 ஜனவரியில் மூவரும் போனோம். எல்லாம் முடிந்த பிறகு அந்த விடுதிப் பொறுப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சேர், பெடியனுக்குத் தெரியாமப் போயிடுங்க. கண்டா அழுவான். மற்றப் பிள்ளையளையும் குழப்புவான். காணாட்டி ஒரு மணித்தியாலத்துல சரி வந்துருவான். என்ட அனுபவம்." எனக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கு எப்படி அது நியாயமாகப் பட்டது என்று இன்றைக்கும் வியக்கிறேன். பையனை நூலகம் பார்க்க ஒரு மாணவனோடு அனுப்பினேன். புத்தகம் என்றால் ஓடுவான் என்று தெரியும். அவன் ஆசிரியன் அல்லவா நான், அவனை எதைக் காட்டி ஏமாற்றலாம் என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

உம்மம்மா எழும்பவில்லை. "சொல்லிட்டுப் போவம் சேர்" என்றார். நான் பொறுப்பாளர் சொன்னதை விளக்கினேன். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இவன்ட உம்மாவும் இவன் உறங்கக்குள்ளதான் போனவ."

அதற்குப் பிறகும் நான் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன்.

கல்முனை வரும்வரை பஸ்ஸில் அவர் என்னோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டாம் நாள் பொறுப்பாளர் தொலைபேசியில் சொன்னார், பையன் அழவே இல்லை, மிக நல்ல பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை என்று. நான் மகிழ்ந்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

அந்தத் தொலைபேசி அழைப்புக்குச் சில வருடங்களுக்குப் பின்னர்தான் பழைய கொப்பியொன்றைப் புரட்ட நேர்ந்தது. ஆசிரியர் கலாசாலையில் பயிலுனராக இருந்தபோது உளவியல் பாடத்துக்கு எழுதிய குறிப்புகள். பரீட்சைக்காக மனனம் செய்து, பரீட்சை மண்டபத்தோடு விட்டுவிட்டு வந்தவை. ஜேம்ஸ் றொபர்ட்சன் என்பவர் லண்டனில் ஜோன் போல்பியோடு சேர்ந்து பணியாற்றியவர். வைத்தியசாலையில் தனியே விடப்பட்ட சின்னக் குழந்தைகளை நாட்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர். 1952 இல், வைத்தியசாலைக்குப் போகும் இரண்டு வயதுக் குழந்தையொன்றைப் பற்றி ஒரு திரைப்படமும் எடுத்தார். அந்தக் காலத்தில் அங்கே தாய்மார் பிள்ளையைப் பார்க்க வருவதற்குக் கடும் கட்டுப்பாடுகள். தாய் வந்துபோனால் பிள்ளை குழம்புகிறது, வராவிட்டால் அடங்கி இருக்கிறது என்பது தாதியரின் வாதம். றொபர்ட்சன் கண்டதோ வேறு. பிள்ளை முதலில் அழுது எதிர்க்கிறது. பிறகு நம்பிக்கை இழந்து சோர்கிறது. மூன்றாவதாகச் சிரிக்கிறது, சாப்பிடுகிறது, எல்லோரோடும் சேர்கிறது, தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இந்த மூன்றாவது நிலையைத்தான் தாதியர் "சரிவந்துவிட்டது" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களது கண்ணுக்குக் குணமானது, றொபர்ட்சனின் கண்ணுக்குக் கைவிட்டதாகத் தெரிந்தது. இந்த வாதம் ஏற்கப்பட மேலும் சில வருடங்கள் பிடித்தன. 1959 இல் பிளற் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது.

றொபர்ட்சன் பார்த்தவை மிகச் சின்னக் குழந்தைகள். பத்து வயதுப் பையனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பத்து வயதில் பிள்ளைக்கு நாட்காட்டி தெரியும், தவணை முடிவு தெரியும், பஸ் ரூட் தெரியும். ஆனால் அந்தப் பொறுப்பாளரின் சொற்களும் 1950 களின் தாதியரின் சொற்களும் ஒரே சொற்களாக இருப்பதை என்னால் கடந்து போக முடியவில்லை. பிள்ளை அமைதியாக இருப்பது யாருக்கு வசதியோ, அவர்தான் பிள்ளை நலமாக இருக்கிறது என்று சான்றிதழ் தருகிறார்.

பிள்ளை ஏன் பிறகாவது சொல்வதில்லை என்று கேட்கலாம். ஆங்கில எழுத்தாளர் ரட்யார்ட் கிப்லிங் பம்பாயில் பிறந்தவர். 1871 இல், ஆறு வயது நிரம்பும் முன்பே, அவரையும் மூன்று வயதுத் தங்கையையும் பெற்றோர் இங்கிலாந்தில் சவுத்சீ என்ற இடத்தில் ஒரு வீட்டில் பணம் கட்டி விட்டுவிட்டுப் பம்பாய்க்குத் திரும்பினார்கள். ஏன் விடப்படுகிறோம் என்று பிள்ளைகளுக்கு எவரும் விளக்கவில்லை. அந்த வீட்டில் கிப்லிங்குக்கு அடியும் அவமானமும். 1877 இல் தாய் வந்து, இரவு முத்தமிடக் குனிந்தபோது, பையன் கையை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டானாம், அடி விழும் என்று. முதிய வயதில் எழுதிய தன்வரலாற்றில் அவர் இதைச் சொல்கிறார். அந்த வருடங்களில் ஏன் எவரிடமும் முறையிடவில்லை என்பதற்கும் அங்கே பதில் உண்டு. தமக்கு நேர்வதை என்றைக்குமே அப்படித்தான் என்று பிள்ளைகள் ஏற்றுக்கொள்கிறார்களாம், விலங்குகள் போல. ஏகாதிபத்தியத்தின் பாடகராக இருந்த அந்த மனிதரோடு எனக்குப் பல கணக்குகள் உண்டு. இந்த ஒரு விடயத்தில் அவர் பக்கம் நிற்கிறேன்.

இனி எதிர்வாதம். என்னோடு கற்பிக்கும் நண்பர் ஒருவர், என்னைவிட மூத்தவர், இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கசப்பு மருந்தைக் கற்கண்டில வெச்சிக் குடுக்கிறல்லையா? அது பொய்யா? பிள்ளைட நன்மைக்கான சின்ன மறைப்பு. நீங்க பெரிய பிரச்சினையாக்கிறீங்க." அவர் சொன்னதை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. சில நாட்கள் யோசித்தேன். மருந்தை விழுங்கியதும் ஏமாற்று முடிந்துவிடுகிறது, கசப்புத் தெரிந்த பிள்ளை முகத்தைச் சுழித்துவிட்டு விளையாடப் போகிறது. வாங்குக்குத் திரும்பி வரும் பிள்ளைக்கோ அந்த நிமிடத்தில்தான் ஏமாற்று தொடங்குகிறது. மேலும், கற்கண்டு பிள்ளையின் நாவுக்காக வைக்கப்படுவது. நழுவிப் போவது யாருக்காக? பிள்ளை எப்படியும் அழப்போகிறது, இப்போது அல்லது இரவு பாயில். அந்த அழுகை பெற்றோரின் கண்ணில் படாமல் இருப்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பிள்ளையின் பங்குக் கசப்பில் ஒரு துளியும் குறையவில்லை. எங்கள் பங்கைத்தான் கற்கண்டில் வைத்து நாங்கள் விழுங்கிவிட்டு வருகிறோம்.

இந்த இடத்தில் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. அபூதாவூதில் உள்ளது. ஒரு தாய் தன் சின்ன மகனை "வா, உனக்கு ஒன்று தருவேன்" என்று கூப்பிடுகிறார். அந்த வீட்டில் அமர்ந்திருந்த நபிகளார், என்ன கொடுக்க எண்ணினீர் என்று கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் தாய். ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உம்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்கிறார்கள் நபிகளார். இதை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம், வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறோம். ஒரு பேரீச்சம்பழத்துக்கு இந்தக் கணக்கென்றால், "நான் இஞ்சதான் இரிப்பன்" என்ற வாக்குக்கு என்ன கணக்கு?

மத்ரஸாக்களையும் இதில் சேர்க்காமல் விட முடியாது, வாசகர்கள் கோபித்தாலும். எட்டு, ஒன்பது வயதில் குர்ஆன் மனனத்துக்காகப் பிள்ளையை விடுதியில் சேர்க்கும் பெற்றோர் எங்கள் ஊர்களில் அநேகர். ஹாபிழின் பெற்றோருக்கு மறுமையில் கிரீடம் சூட்டப்படும் என்ற நம்பிக்கை அவர்களை நடத்துகிறது. அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. அந்த ஆசையோடு ஒட்டிக்கொண்டு சில வேளைகளில் வேறொன்றும் வருகிறது. வீட்டில் ஒரு வாய் குறைகிறது. அதைச் சொல்ல வெட்கப்படுகிறோம். வெட்கப்படத் தேவையில்லை என்பது என் எண்ணம். இமாம் கஸ்ஸாலியின் தந்தை இறக்கும்போது தன் இரு ஆண்பிள்ளைகளையும் ஒரு சூபி நண்பரிடம் ஒப்படைத்தார். விட்டுப்போன பணம் தீர்ந்ததும் அந்த நண்பர், என்னிடம் இனி ஒன்றுமில்லை, மத்ரஸாவில் சேர்ந்தால் உங்களுக்கு உணவாவது கிடைக்கும் என்று பிள்ளைகளிடமே சொன்னார். சோற்றுக்காகச் சேர்ந்தவர்தான் பிறகு கஸ்ஸாலி ஆனார். அந்தச் சூபி ஏழை. ஆனால் பிள்ளைகளிடம் உள்ளதைச் சொன்னார். கையில் இல்லாததை இருப்பதாகக் காட்டவில்லை.

அடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்னு கல்தூன் 1377 இல் எழுதி முடித்த முகத்திமாவில் ஆசிரியரின் கடுமை மாணவனை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கியிருக்கிறார். கடுமைக்குள் வளரும் பிள்ளை பொய்யையும் சூழ்ச்சியையும் கேடயமாகப் பழகிக்கொள்கிறது என்பது அவரது அவதானம். எனக்கோ, கடுமையால் மட்டுமல்ல, முதல் நாள் வாசலில் கண்டதாலும் பிள்ளை அதைப் பழகுகிறது என்று தோன்றுகிறது. விடுதிப் பிள்ளைகள் சனிக்கிழமை தொலைபேசியில் உம்மாவிடம் "நல்லா இரிக்கன்" என்று சொல்வதைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். அது பெரும்பாலும் உண்மையில்லை. அந்தப் பொய்யை யார் சொல்லிக் கொடுத்தது?

மூஸா நபியின் தாயை நினைத்துப் பார்க்கிறேன். பிள்ளையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்டவர். அனுப்பாவிட்டால் கொலை, அனுப்பினால் ஆறு. 1992 இல் எங்கள் வாப்பாமாரின் நிலையும் ஏறத்தாழ அதுதான். அந்தத் தாய்க்கு, பிள்ளையைத் திருப்பித் தருவோம் என்ற இறை வாக்கு முன்னதாகவே கிடைத்திருந்தது. அப்படியிருந்தும் அவரது உள்ளம் வெறுமையாகிவிட்டது என்கிறது குர்ஆன். பெட்டியின் பின்னால் தன் மகளையும் அனுப்பி வைக்கிறார். வாக்குக் கிடைத்த வளர்ந்த தாய்க்கே அந்த வெறுமை. வாங்கில் பெட்டியோடு இருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு, "வாறன்" என்ற ஒரு சொல்லைக்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

அந்த நூலகப் பையன் முதல் தவணை விடுமுறையில் வந்தபோது நான் பார்க்கப் போனேன். முன்வாசலால் நான் நுழைய, பின்வாசலால் அவன் இறங்கிப் போனான். உம்மம்மா தேத்தண்ணி தந்தார். பிள்ளை எப்படி என்றேன். "ஒண்டும் கேக்கிறானில்ல சேர். சோறு வெச்சா திங்கிறான், வெக்காட்டி இருக்கிறான்" என்றார். பெட்டியிலிருந்த உடுப்புகளை அவன் வெளியே எடுக்கவே இல்லையாம். இரண்டு வாரமும் பெட்டிக்குள்ளிருந்து எடுத்து உடுத்து, கழுவி, மடித்து, பெட்டிக்குள்ளேயே வைத்தானாம். அவன் நன்றாகப் படித்தான். உயர்தரம் சித்தியடைந்து, இன்று கட்டாரில் படவரைஞனாக இருக்கிறான். உம்மம்மாவுக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்தான். அவர் மௌத்தானபோது ஜனாஸாவுக்கு வர முடியவில்லை. ஊரார் அவனைக் காட்டி, சேர் கைபிடித்து ஆளாக்கிய பிள்ளை என்று என்னிடம் சொல்வார்கள். அவன் எனக்கு ஒரு நாளும் தொலைபேசி எடுத்ததில்லை. நானும் எடுத்ததில்லை. என்ன சொல்வது?

ஒருநாள் வாப்பாவிடம் கேட்டேன். அவருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது, காது கொஞ்சம் மந்தம், நினைவு தெளிவு. அன்றைக்கு ஏன் சொல்லாமப் போனீங்க என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு உடனே விளங்கியது. முப்பது வருடங்களுக்கு முந்தியதை விளக்கத் தேவை இருக்கவில்லை. "அந்த மாஸ்டர்தான் சொன்னாரு, சொல்லாமப் போங்க, அதான் நல்லம் எண்டு. படிச்ச மனிசன். நான் என்ன படிச்சவனா?" என்றார். பிறகு வெற்றிலைத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டார்.

அதைக் கேட்ட பிறகு வாப்பாமீது எனக்கிருந்த மிச்சமும் போய்விட்டது. ஆனால் அது காற்றில் கரையவில்லை, இடம் மாறியது. சொல்லிக்கொள்ள வேண்டும் என்பது ஏழைத் தகப்பன்மாருக்கும் இடியப்பம் அவிக்கும் மூதாட்டிக்கும் இயல்பாகத் தெரிந்திருக்கிறது. அவர்களுக்கு வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். கலாசாலைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள். எங்கள் அனுபவம், எங்கள் நிர்வாக வசதி, வரிசையாக உறங்கும் அறுபது பிள்ளைகளின் ஒழுங்கு. நாங்கள் "அதான் நல்லம்" என்றதும், அவர்கள் தம் உள்மனது சொன்னதை விட்டுவிட்டு எங்களை நம்பினார்கள்.

2023 இல் இன்னொரு பையன். மேசன் வேலை செய்யும் தகப்பன், தாய், நான் என்று நால்வராகப் போனோம். இந்த முறை முந்திய கிழமையே பையனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். எங்கே உறங்குவாய், எப்போது வருவோம், முதல் மாதம் கஷ்டமாக இருக்கும், அழுகை வரும், அது குற்றமில்லை. ஒரு மாதம் இருந்து பார், முடியவே முடியாதென்றால் சொல், வாப்பா வந்து கூட்டிப் போவார் என்றும் சொன்னேன். தகப்பன் தலையாட்டினார். தாய்க்கு அந்தக் கடைசி வாசகம் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது.

விடுதி வாசலில் பொறுப்பாளர் வழக்கமானதைச் சொன்னார். இல்லை, சொல்லிவிட்டுத்தான் போவோம் என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தகப்பன் மகனின் முன்னால் குந்தி உட்கார்ந்து "வாப்பா போயிட்டு வாறன். வாற மாதம் முதலாவது ஞாயித்துக்கிழம வருவன்" என்றார். பையன் அவரது சேட்டைப் பிடித்துக்கொண்டான். பொத்தான் ஒன்று தெறித்தது. முழு வராந்தாவும் கேட்க அழுதான். உண்மையில் மற்றப் பிள்ளைகளும் சிலர் அழத் தொடங்கினார்கள். பொறுப்பாளர் சொன்னது அந்த அளவில் சரிதான். எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காகக் கடைத் திண்ணையில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம், மூவரும் ஒருவரையொருவர் பார்க்காமல்.

இருபத்து மூன்றாம் நாள் பையன் பொறுப்பாளரின் தொலைபேசியில் கூப்பிட்டு, வாப்பா நீங்க சொன்னதுபோல பார்த்தேன், எனக்கு முடியவில்லை என்றான். தகப்பன் வேலையை விட்டுவிட்டு அன்றிரவே போய்க் கூட்டி வந்தார்.

இப்போது அவன் எங்கள் பாடசாலையில்தான் படிக்கிறான். விஞ்ஞானத்துக்கு எங்களிடம் நிரந்தர ஆசிரியர் இல்லை. ஆங்கிலத்துக்கு வாரத்தில் மூன்று நாள் ஒருவர் வந்து போகிறார். ஆய்வுகூடம் என்று எழுதிய அறையில் உடைந்த கதிரைகள் கிடக்கின்றன. அங்கே இருந்திருந்தால் இந்நேரம் எங்கேயோ போயிருப்பான் என்று சந்தியில் பேசுகிறார்கள், என் காதில் விழும்படியாக. இருக்கலாம். அந்தத் தாய் வழியில் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓரமாகப் போகிறார். பின்னேரங்களில் பையனுக்கு நானே விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறேன், எனக்குத் தெரிந்த அளவுக்கு. பாடம் முடிந்ததும் கொப்பிகளை அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, கதவடியில் நின்று, "போயிட்டு வாறன் சேர்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவான்.